வார நாட்களில் நம் சாட்சி: இந்த மாதம் பிடியரிசி

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு கூடுகையில் ‘அக்கம்பக்கத்தில் எப்படிக் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இருக்கலாம்?’ என்று கேட்டதற்குப் பாதிப் பேர் போனில் வேத வசனப் படம் அனுப்புவதைத்தான் சொன்னீர்கள். கோபிக்க வேண்டாம், காலை ஐந்து மணிக்கு வரும் படத்தை நானே திறப்பதில்லை.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து, அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். மூன்றும் பிரசவம். ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை உள்ளே விட மனமில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை.

நாம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். நம் காய்கறிக்கடை அண்ணன் தராசு முள் நிற்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் ஒரு தக்காளியை மேலே போடுவார். ‘நீங்க எந்தச் சர்ச்?’ என்று வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில், சுவரில் எத்தனை வசனம் மாட்டினாலும் யார் நம்புவார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். மிசோரம் சபைகளில் 1910 முதல் நடப்பதுபோல, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வையுங்கள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவாருங்கள். நம் தெருவில் கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் போகும், எந்த மதம் என்று கேட்காமல். அரிசிப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) வைக்கக் கூடாது.

இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள். போன முறை பாதி அரிசி ஆட்டோவில் சிந்திவிட்டது.