நீங்கள் நிறுத்திய இடம்

அன்புள்ள மச்சாள்,

மாமியின் ஆட்டைத் திவசம் ஆனியில் வருகிறது. அதை அடுத்த பௌர்ணமிப் போயா தினத்தன்று, புளியந்தீவில் உங்களுக்குத் தெரிந்த அதே முன்மண்டபத்தில், மூன்று ஆண்டுகளாக நின்றுபோயிருந்த நம் பாட்டிரவை மறுபடி தொடங்குவதென்று முடிவுசெய்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் 'நல்லது, சந்தோஷம்' என்று இரண்டு சொல்லில் நீங்கள் முடித்துவிடுவீர்கள், நானும் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவேன். நடந்தது நாலு பேர் பார்த்திருக்க நடந்தது என்பதால், இந்தக் கடிதத்தையும் நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. ஊரில் இதை வாசிப்பவர்களுக்குப் பெயர் தேவைப்படாது, ஊருக்கு வெளியே வாசிப்பவர்களுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் போன பிறகு நம் பாட்டிரவைப் பற்றி இங்கே வேறொரு கதை உருவாகியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் யாரோ பணம் கொடுத்துத் தொடக்கிவைத்த கலைத்திட்டமாம். 2022 பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், கோயில் திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்க வந்த நம் இசைக்குழு ஒலிபெருக்கியும் கீபோட்டும் இல்லாமல் அரிக்கன் லாம்பைச் சுற்றிக் குந்தியிருந்ததையும், வேறு வழியில்லாமல் நீங்கள் பக்கத்தில் இருந்தவரின் காதுக்குக் கேட்கிற அளவில் மட்டும் ஒரு பாட்டை மெல்லச் சொன்னதையும் சனம் அதற்குள் மறந்துவிட்டது. அந்தப் பாட்டில் சொற்கள் இருக்கின்றன என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இருபது ஆண்டுகளாக அதை மேடை மேடையாக வாசித்தவன் நான்.

அறிவித்தலில் 'கேபரே' என்ற சொல்லைப் போட்டது என் பிழை. அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். 1881இல் பாரிஸின் மொன்மார்த்ரில் 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் திறக்கப்பட்ட சிறிய கூடத்தைப் பற்றியும், நீண்ட கறுப்புக் கையுறை அணிந்த ஈவெத் கில்பேர் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலை வைத்துக்கொண்டு சனத்தின் முகத்தைப் பார்த்துப் பாடியதைப் பற்றியும், முதலாம் உலகப் போருக்குப் பின் பெர்லினில் அதே கலைக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு மயக்கம் பிடித்துவிட்டது. நம் ஊருக்கு அந்தச் சொல் தமிழ்ப்படங்களின் வழியாகத்தான் வந்திருந்தது என்பதை யோசிக்கவில்லை. வில்லனின் விடுதியில் சுழலும் விளக்கும் அரைகுறை உடுப்புமாக ஓர் ஆட்டம் வருமே, அதுதான் இங்கே கேபரே. கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் என் மனைவியை அழைத்து 'உடுப்பு எப்படி?' என்று விசாரித்தார். நீங்கள் மாமியின் பழைய பருத்திச் சேலையில் வந்து நின்றதைக் கண்டதும், முன்வரிசையைப் பிடித்திருந்த இரண்டு பெடியன்கள் எழுந்து போய்விட்டார்கள். அன்று நாம் இருவரும் குசினிக்குள் போய் நின்று சிரித்த சிரிப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். போயா தினமாதலால் மதுக்கடைகளெல்லாம் பூட்டு. உலகத்திலேயே வெறும் தேநீரும் தட்டுவடையும் கொடுத்து நடந்த கேபரே நம்முடையதாகத்தான் இருக்கும்.

தெரியாத பாட்டைப் பாடினால் சனம் கேட்கும், தெரிந்த பாட்டைப் பாடினால் சனம் உள்ளுக்குள் கூடவே பாடும், ஆகவே அடுத்த சொல்லை அவர்கள் எதிர்பார்க்கும் நேரத்தில் கொடுக்காமல் கொஞ்சம் பிந்திக் கொடுத்தால் அந்த இடைவெளியில் அவர்களுடைய சொந்தக் கதை வந்து உட்கார்ந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் இதை நம்பச் சில மாதங்கள் எடுத்தன. இசைக்குழுக்காரனுக்கு இடைவெளி என்றால் பயம். மேடையில் இரண்டு வினாடி சத்தம் இல்லாமல் போனால் மின்சாரம் போய்விட்டதென்று சனம் கத்தும். ஆனாலும் நிமிடத்துக்கு 120 அடியில் ஓடிய பாட்டுகளை நீங்கள் 54க்கு இறக்கினீர்கள். மேளத்தை எடுத்தோம், இடதுகையில் சட்சமும் பஞ்சமமும் மட்டும் வைத்தோம், மெட்டைத் தொடாமல் அதன் கீழிருந்த சுரக்கூட்டை மாத்திரம் மாற்றினோம். துள்ளலுக்குள் ஒளிந்திருந்த வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கல்யாண வீட்டில் ஆடிய பாட்டொன்று கல்யாணம் ஆகாமற்போன பெண்ணின் பாட்டாக மாறியது உங்களுக்கு நினைவிருக்கும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் சொன்னபோது நீங்கள் கொடுத்த பதிலும் சரிதான். நம் கூத்தின் வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும்; ஆடுபவனின் வியர்வை முன்னால் இருப்பவன்மேல் தெறிக்கும்; கட்டியகாரன் சபையைப் பார்த்தே பேசுவான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோதும் இது கூத்தா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நெருக்கம் நமக்குப் புதிதல்ல என்றீர்கள். ஆனால் மச்சாள், கூத்தில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே அழுபவள் திரௌபதி. நம் மண்டபத்தில் அப்படி ஒரு மறைப்பு இல்லை. முப்பத்திரண்டு கதிரை, ஒவ்வொரு கதிரையிலும் யார் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் யார் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

அந்த இரவுக்கு வருகிறேன்.

பட்டியலில் கடைசியாக இருந்தது நித்தி கனகரத்தினத்தின் அந்தப் பொப் பாட்டு. 1960களின் கடைசியில் இலங்கைத் தமிழ்த் துள்ளிசைக்கு வழிதிறந்தவர்களில் ஒருவரான அவருடைய பாட்டுகளில், மாமியிடம் மகள் எங்கே என்று மருமகன் கேட்கும் பாட்டு எது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நமக்கு அது குடும்பப் பாட்டு. ஐந்து வயதில் நான் உங்கள் வீட்டுப் படலையில் நின்று அதைப் பாட, மாமி அகப்பையோடு ஓடிவருவார். ஒளிந்திருக்கும் மகள்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கமுடியாமல் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள். மகள்கள் இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன். 1990ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் எப்படி இருந்தது என்பதையோ, உங்கள் அக்கா எங்கே போகப் புறப்பட்டார் என்பதையோ நான் இங்கே எழுதமாட்டேன். வாசிப்பவர்களில் சிலருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கவும் கூடும்.

ஒத்திகையில் அந்தப் பாட்டை வேகமாகத்தான் பார்த்தோம். எல்லாக் கனத்தையும் இறக்கிவைத்துவிட்டுச் சனம் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காகத் துள்ளலான பைலா தாளத்தில் முடிப்பதென்பது நம் இருவருடைய தீர்மானம். அன்றிரவு நீங்கள் எனக்குக் கைகாட்டவில்லை. தாளத்துக்குக் காத்திருந்த என்னைத் திரும்பியும் பார்க்காமல், மருமகனின் கேள்வியை, கேள்வி கேட்பவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டீர்கள். பள்ளிக்குப் போனாளா என்ற அந்தக் கேலி வரி, பதிவுப் புத்தகத்தோடு படலையில் நிற்பவரின் கேள்வியாக மாறியதை முப்பத்திரண்டு கதிரைகளும் உணர்ந்தன. அதன்பிறகு மாமியின் பதில் வரவேண்டிய இடத்தில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். நிறுத்திவிட்டு, இரண்டாவது வரிசையில் ஓரமாக இருந்த உங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள்.

நான் எண்ணினேன். பழக்கதோஷம், மௌனத்தையும் மாத்திரைக்கணக்கில்தான் கேட்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. வாவிப் பக்கத்திலிருந்து தோணிக்காரர் யாரோ கூப்பிட்டது கேட்டது. நான்கு. மாமி முந்தானையை இடதுகையால் இழுத்துப் பிடித்தார். ஐந்து. மாமியின் வாய் திறந்தது.

நான் தாளப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அடுத்த கணம் மண்டபம் முழுக்கப் பைலா. சனத்துக்கு மூச்சு வந்தது, கைதட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார். மாமியும் கைதட்டினார். அதைத்தான் நீங்கள் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் மிச்சப் பாட்டைத் துள்ளலாகவே பாடி முடித்து, சபைக்குக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

அவர் அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் பதில் சொல்லப்போகிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். அம்மாவே கேட்டுத்தான் அப்படிப் பாடினேன் என்று மூன்று நாள் கழித்து எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். அப்படியானால் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா? வாசிப்பவனும் மனிதன்தானே, அவனுடைய கை என்ன செய்யும் என்று தெரியாமல் அவனை அந்த இடத்தில் உட்கார்த்திவைத்தது எந்த நியாயம்? அந்த மண்டபம் என் மனைவிக்கு வந்த சீதன வீடு. அடுத்த நாள் காலை படலைக்கு யார் வந்து என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் அப்போதே பயணச்சீட்டு இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். போகப்போகிறவர்களுக்குத் துணிவு சுலபமாக வரும். இந்த வரியை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், இருக்கட்டும்.

மாமியின் கடைசி மாதங்களில் நீங்கள் வரமுடியாமற்போன காரணத்தை நான் அறிவேன். அதை வைத்து உங்களைக் குறைசொல்பவர்களிடம் நான் சண்டைகூடப் பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஆஸ்பத்திரி வாங்கிலில் விடிய விடிய இருந்தவன் நான் என்பதையும், நீங்கள் வீடியோவில் பார்த்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவில் வாழையிலை விரித்தவன் நான் என்பதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கண்மூடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, கஞ்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு மாமி என்னைக் கேட்டார்: "மருமகன், அண்டைக்கு அந்தப் பாட்ட ஏன் இடையில குழப்பினீங்க?"

கீபோட்டில் ஏதோ பிழை, தானாக அடித்துவிட்டது என்று சொன்னேன்.

மாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், மெசினுக்கு என்ன தெரியும்" என்றார். பிறகு கஞ்சியைக் குடித்தார்.

உங்களிடம் இத்தனை காலமும் 'மாமியைக் காப்பாற்றத்தான் செய்தேன்' என்று வாதாடிய நான், மாமியிடம் அந்த வாதத்தைச் சொல்லவில்லை. அவர் முன்னால் அது நிற்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான். அவரிடம் கேட்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

அந்தக் கீபோட்டை விற்றுவிட்டேன். பெரிய தியாகமாக நினைக்கவேண்டாம். உப்புக்காற்றில் நாலு கட்டை ஏற்கெனவே செத்துவிட்டன. இந்த முறை ஆர்மோனியம் மட்டும், அதில் அழுத்துவதற்குத் தாளப் பொத்தான் கிடையாது. உங்கள் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். என் குரல் எவ்வளவு கரகரப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் மருமகன் நான்தானே. ஒன்றரைக் கட்டையில் நானே சொல்லப்போகிறேன். அறிவித்தலில் 'பாட்டிரவு' என்று மட்டும் இருக்கும்.

ஒத்திகையில் ஐந்தாவது மாத்திரைவரை எனக்கு வருகிறது. அதற்கு அப்பால் நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது; பாட்டை வெட்டியவனுக்கு எப்படித் தெரியும். அம்மா பதில் சொல்லியிருந்தால் அதற்குப் பின் என்ன பாடுவதாக இருந்தீர்கள்? அவர் சொல்லாமல் இருந்திருந்தால்? மாமியின் வரியை நீங்களே எடுப்பதாக இருந்தீர்களா, அல்லது கேள்வியோடு விட்டுவிட்டு விளக்கை அணைக்கச் சொல்லியிருப்பீர்களா? எழுதக் கை வராவிட்டால் குரற்பதிவாக அனுப்புங்கள், அரை நிமிடம் போதும். இங்கே மாலை 7 மணிக்குத் தொடங்கும். ரொறன்ரோவில் அப்போது காலை 9.30. அதற்கு முன் எந்த நேரத்தில் வந்தாலும் நான் விழித்திருப்பேன்.

உங்கள் மச்சான்
புளியந்தீவு, மட்டக்களப்பு