ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருப்பவர் கைதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் புகைப்படப் பக்கத்தில் வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழைய வீட்டு ஜன்னல், பச்சை பெயின்ட் உதிர்ந்த கம்பிகள், கம்பிக்கு அந்தப் பக்கம் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், முகத்தில் பாதி வெளிச்சம் பாதி இருட்டு. படம் நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் கீழே 'முதுமைச் சிறை' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அன்று காலை காபி இறங்கவில்லை. ஐயா, நீங்கள் சிறையிலா இருக்கிறீர்கள் என்று அந்தப் பெரியவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

தெருவில் யாரையும் படம் எடுக்கவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். பதினெட்டு வருஷமாகச் சென்னைத் தெருக்களில் படம் எடுக்கிறேன். பிழைப்பு வேறு, ஞாயிற்றுக்கிழமை காலைகள் கேமராவுக்கு. அதிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வகைதான், அதாவது வளைவு, தூண் வரிசை, வாசல், படிக்கட்டு என்று ஏதாவது ஒரு கட்டடத்தின் பகுதியை ஃப்ரேமாக வைத்துக்கொண்டு அதற்குள் வருகிற முன்பின் தெரியாத மனிதரை எடுப்பது. அதனால்தான் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது ஏன் எங்களுக்கு இவ்வளவு பிடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தெரு ஒரே நெரிசல். பேனர், கேபிள் ஒயர், பைக், தள்ளுவண்டி, மின்பெட்டி எல்லாம் படத்துக்குள் வந்து முட்டும், எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வளைவுக்கு உள்ளே போய் நின்று வெளியே பார்த்தால் இதில் முக்கால்வாசி மறைந்துவிடும். உள்ளே இருட்டு, வெளியே வெயில். வெளி வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவை, வைத்தால் வளைவு கன்னங்கரேல் என்று விழும், நடுவில் ஒரு வெளிச்சத் துண்டு மட்டும் மிஞ்சும், அதற்குள் யார் நடந்து வந்தாலும் பார்க்கிறவர் கண் நேரே அவரிடம் போய்விடும்.

எழும்பூர் ரயில் நிலையத்தின் முகப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் திறந்த கட்டடம், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். சீரமைப்பு வேலை தொடங்குவதற்கு முன்னால், தென்மாவட்ட ரயில்கள் வந்து சேரும் விடியற்காலையில், ரோட்டோரம் நின்றுகொண்டு அந்த வளைவுகளுக்குக் கீழே தலையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வெளியே வருகிறவர்களை எத்தனையோ நாள் எடுத்திருக்கிறேன். அப்புறம் தூண்கள் மேல் ஓடும் நம் பறக்கும் ரயிலின் நிலையங்கள். அந்த ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தது. இருட்டு, வெறிச்சோடிக் கிடக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் போகவே பயமாக இருக்கிறது என்று எல்லோரும் குறை சொல்கிற கட்டடங்கள், குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்த உயரமான கான்கிரீட் தூண்களுக்கு நடுவே சாய்வாக வெயில் விழும்போது, டிபன் பாக்ஸோடு ஒரு அம்மா அந்த வெயில் பட்டையைத் தாண்டிப் போகிற நொடி இருக்கிறதே, அதற்காக மூன்று வாரம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன்.

மதுரைக்குப் போனால் திருமலை நாயக்கர் மஹாலை விடவே மாட்டேன். 1636-ல் கட்டியது என்று சொல்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையுமாக எழுந்த அந்தத் தூண்களின் பருமனுக்கு முன்னால் எவ்வளவு பெரிய மனிதரும் சின்னப் பிள்ளை மாதிரிதான் தெரிவார்.

இப்படி எடுக்கும்போது நான் ஓர் இடத்தில் வெளிப்படையாக நிற்கிறேன். அகலமாகப் பார்க்கும் 28 எம்எம் லென்ஸ், முன்னும் பின்னும் தெளிவாக விழ எஃப் 8 என்ற சின்னத் துவாரம், நடை கலங்காமல் இருக்க ஷட்டர் 1/500 நொடி. தூண் சாய்ந்துவிடாமல் கேமராவை மட்டமாகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், வருகிறவருக்கும் தூணுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழ வேண்டும், அவருடைய இரண்டு காலும் விரிந்திருக்கிற கணத்தில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேமராவோடு ஒருத்தன் நிற்பது வருகிறவர்களுக்குத் தெரியும். பிடிக்காதவர்கள் பக்கத்து வளைவு வழியாகப் போய்விடுவார்கள். சிலர் 'எடுங்க சார்' என்று நின்றே விடுவார்கள், படம் கெட்டுவிடும், ஆனால் மனசுக்கு நிறைவாக இருக்கும். ஃப்ரேமை நான் தேர்ந்தெடுக்கிறேன், அதற்குள் வருவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான் 1932-ல் பிரான்ஸின் இயேர் என்ற ஊரில் ஒரு சுழல் படிக்கட்டின் மேலே நின்று, கீழே தெருவில் சைக்கிளில் போகிறவரை எடுத்த படத்தை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். நம் பக்கத்துக்கும் வந்தவர்தான் அவர், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அந்தச் சைக்கிள்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது, முகமே கலங்கிப் போயிருக்கிறது. படிக்கட்டு அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த வருஷம், 1933-ல், ஸ்பெயினின் செவில் நகரத்தில் பிரெஸ்ஸான் எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. இடிந்த சுவரில் பெரிய ஓட்டை, அதற்குள் விளையாடும் பிள்ளைகள், ஊன்றுகோலோடு ஒரு பையன். அதைப் பல வருஷம் நான் போர்ப் படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியது 1936-ல். பிள்ளைகள் சும்மா விளையாடிக்கொண்டிருந்தார்கள், போர் என்ற நினைப்பை எனக்குள் போட்டது அந்தச் சுவர்தான்.

உங்கள் பக்கத்துப் படத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. கட்டட ஃப்ரேம் என்பது படத்துக்கு வெறும் அலங்காரம் என்று நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொள்கிறோம். கம்பி வந்தால் சிறை, இருட்டு வாசல் வந்தால் தனிமை, பெரிய வளைவு வந்தால் கம்பீரம் என்று பார்க்கிறவர் மனசில் அர்த்தம் தானாக ஏறிவிடுகிறது. உள்ளே இருக்கிற மனிதருக்கு அதை மறுத்துப் பேச வழியே இல்லை.

எனக்கு இது தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2012-ல் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டு வீடு, தெருவைப் பார்த்த மர ஜன்னல், குத்துக்கம்பிகள். பின்னால் முற்றத்து வெளிச்சம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில், நிறுத்தி வைத்திருந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்று, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் 85 எம்எம் லென்ஸில் நாலு ஷாட் எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'தனிமை' என்று பேர் வைத்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன், பரிசு கிடைத்தது. கம்பியைப் பற்றியிருக்கும் அந்தக் கையில்தான் எத்தனை ஏக்கம் என்று நடுவர் ஒருவர் மேடையில் பேசினார். பெரிதாக பிரின்ட் போட்டுக் கண்காட்சியில் மாட்டினார்கள்.

பத்து நாள் கழித்து போன் வந்தது, பாட்டியின் மகன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார், எங்கம்மா தனியா இல்ல சார். பேத்தி ஸ்கூல் வேன்ல வர்ற நேரம் அது. தெனம் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து பாப்பாங்க. ஆபீஸ்ல உங்க படத்தப் பாத்துட்டு, என்னப்பா அம்மாவ இப்படி விட்டுட்டியான்னு கேக்கறாங்க சார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த நாளே அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டியிடம் படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கம்பியப் புடிச்சிருக்கேன்ல தம்பி, அது முட்டி வலிக்கு. வேன் வந்ததும் எந்திரிக்கணும்ல" என்றார். நடுவர் பாராட்டிய ஏக்கம் அதுதான். அப்புறம் அவரே, "இங்க வேணாம், வாசல்ல நிக்கிறேன், அங்க எடு" என்று சொல்லி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் நிலைக்கு நடுவில் நின்றார். எடுத்து பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தை எந்தப் போட்டிக்கும் நான் அனுப்பவில்லை. பழைய படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் அது எத்தனை போன்களில் போய்ச் சேர்ந்ததோ.

அவர் வாசலுக்கு வந்து நின்றது எனக்குப் பிற்பாடு ரொம்ப யோசனையாக இருந்தது. நாம் நிலை வைக்கும்போது நல்ல நேரம் பார்க்கிறோம். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டுத்தான் அந்த மரச்சட்டத்தை நிறுத்துகிறோம். நிலைப்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதாவது நம் வீட்டு நிலை ஏற்கெனவே ஒருவருடைய ஃப்ரேம். அதற்குள் எப்படி நிற்க வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். எழும்பூர் வளைவு எல்லோருக்கும் பொது, அங்கே நான் காத்திருக்கலாம். வீட்டு ஜன்னல் அப்படி இல்லை. திண்ணை இந்தப் பொது இடத்துக்கும் வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது, வழிப்போக்கர் உட்காரட்டும் என்றே கட்டிய இடம், அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாலே போதும், தலையசைப்பிலேயே பதில் கிடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். நியூயார்க்கில் ஆர்ன் ஸ்வென்சன் என்ற புகைப்படக்காரர் தன் வீட்டிலிருந்து தூரத்தில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் வைத்து எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி ஜன்னல்களுக்குள் இருந்தவர்களை எடுத்து 2013-ல் கண்காட்சி வைத்தார். உள்ளே இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 2015-ல் மேல்முறையீட்டிலும் புகைப்படக்காரர்தான் ஜெயித்தார். கனடாவின் கியூபெக்கில் நேர்மாறாக நடந்தது. ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் எடுத்துப் பத்திரிகையில் போட்டதற்கு 2,000 டாலர் இழப்பீடு என்பதை 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் உச்ச நீதிமன்றம் 1994-லேயே, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். சரி, இதெல்லாம் இருக்கட்டும். சிந்தாதிரிப்பேட்டைப் பாட்டி எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை, அவர் மகன் போன்தான் செய்தார். எனக்கு அந்த ஒரு போன் போதுமானதாக இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாசகர் படங்களுக்குத் தலைப்பாக இடத்தின் பெயரையும் நேரத்தையும் போடுங்கள், 'சிறை', 'தனிமை', 'ஏக்கம்' வேண்டாம். வீட்டு ஜன்னலுக்குள்ளோ வாசலுக்குள்ளோ ஆள் இருக்கிற படம் வந்தால், இவருக்கு இந்தப் படம் பற்றித் தெரியுமா என்று அனுப்பியவரிடம் ஒரு வரி கேட்டுவிட்டுப் போடுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், ஒரு பிரின்டோடு அந்த வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நல்ல படம் ஒரு வாரம் தாமதமாக வந்தால் எந்த வாசகரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. போன வாரப் படத்தில் இருந்த பெரியவர் எந்தத் தெரு என்பது அதை எடுத்த தம்பிக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டு அந்த ஞாயிறு இதழில் ஒன்றைப் பெரியவர் கையில் சேர்த்துவிடுங்கள். தலைப்பைப் படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ, அதை அதே பக்கத்தில், படம் வந்த அதே அளவுக்கு இடம் விட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை