மாலையில் வரும் நோயைக் காலை ஓ.பி.யில் தேடாதீர்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை செய்யச் செய்யத் தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் பற்றி உங்கள் துறைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 50-க்கு மேலும் வருவது உங்கள் மருத்துவர்கள் படித்ததுதான்.

என் தங்கைக்கு 27 வயதில் வந்தது. காலையில் நன்றாக இருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் நாலாவது வாய்க்குத் தாடை நின்றுவிடும். இடது கையால் மோவாயை மேலே தள்ளித் தள்ளி மெல்லுவாள். குழந்தை பார்க்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பல நாள் கஞ்சியோடு படுத்தாள்.

ஓ.பி. காலையில். அப்போது இமையும் தொங்காது, பேச்சும் குழறாது. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார்கள். மூச்சுத் தசையும் தளரக்கூடிய நோயில் அந்த மாத்திரை ஆபத்து. நோயின் பெயர் தெரிய இரண்டு வருஷம் ஆனது. நரம்பியல் வரிசையில் முன்னால் நின்ற 64 வயதுப் பெரியவருக்கு இரண்டே மாதம். அவரிடம் யாரும் வீட்டுப் பிரச்சினை கேட்கவில்லை. பெண்களுக்கு இது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

கேட்பது ஒன்றுதான்: பரிசோதிக்காமல் 'மனக்கவலை' என்று எழுத வேண்டாம். ஒரு நிமிஷம் மேலேயே பார்க்கச் சொன்னால் இமை இறங்குவது தெரியும். தொங்கும் இமைமேல் இரண்டு நிமிஷம் ஐஸ் வைத்தால் தூக்கிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்க அனுப்பலாம்.

ஒரு பெண் உடம்பு முடியவில்லை என்றால் ரத்தசோகை, மாதவிடாய், மாமியார் என்று காரணம் தயாராக இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை. மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

இப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. பிரசவத்தில் வலிப்பைத் தடுக்கப் போடும் மெக்னீசியம் சல்பேட் ஊசி இந்த நோயாளிகளின் மூச்சையே நிறுத்தலாம். அவள் பையில் ஆகாத மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. 'மனக்கவலை' சீட்டோடு பிரசவ வார்டுக்குப் போகிறவளிடம் அது இருக்காது.

ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பரிசோதிக்காமல் அப்படி எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா