புல் எல்லாம் ஒரே புல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒலியுடைய சொற்களைப் பல மொழிகளிலிருந்து திரட்டி, அவை யாவும் தமிழிலிருந்தே கிளைத்தவை என்று தங்கள் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. அதை என்னால் ஏற்க இயலவில்லை.

தில்லிவாசிகளான எங்களுக்கு ‘புல்’ என்ற ஒரு சொல்லே இதற்குப் போதும். மெட்ரோவில் ‘புல் பங்கஷ்’ என்று அறிவிப்பு வரும்போது தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அங்கே புல் என்பது பாலம். மழைக்காலத்தில் யமுனையின் நீர்மட்டம் எந்தப் பழைய இரும்புப் பாலத்தில் அளக்கப்படுகிறதோ, அதுவும் ஊரார் வாயில் ‘லோஹே கா புல்’தான். பாரசீகத்திலிருந்து இந்திக்கும் உருதுவுக்கும் வந்த சொல் இது. துருக்கியில் ‘புல்’ என்றால் அஞ்சல்தலை, மீன் செதிலும்கூட. உஸ்பெக் மொழியிலோ பணம். (புல்லுக்கட்டைக் கொடுத்துத் தாஷ்கண்டில் கடனை அடைக்க முடியாது என்பது வேறு விஷயம்.)

நம்முடைய புல்லின் கதையே தனி. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லே. இவற்றுள் மூங்கிலை இன்றைய தாவரவியலும் புல் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறது. இவ்வளவு நுட்பமாகப் பொருள் வரையறுக்கப்பட்ட ஒரு சொல்லை, காதில் ஒன்றுபோல் விழுகிறது என்பதற்காகப் பாலத்தோடு முடிச்சுப் போடுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது என்பது என் எண்ணம்.

சொற்களின் உறவை, ஒலி மாறும் முறையில் உள்ள ஒழுங்கைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். கன்னடத்தில் புல்லை ‘ஹுல்லு’ என்பார்கள். கேட்பதற்குச் சற்று விலகி ஒலித்தாலும், பால் ‘ஹாலு’ ஆவதையும், பல் ‘ஹல்லு’ ஆவதையும், புலி ‘ஹுலி’ ஆவதையும், பத்து ‘ஹத்து’ ஆவதையும் சேர்த்துப் பார்த்தால், சொல்லின் முதலில் நின்ற பகரம் அங்கே ஹகரமாகத் திரிந்திருப்பது விளங்கும். அது உடன்பிறந்த சொல். பாரசீகப் ‘புல்’லுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும், ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிக்கும் ‘ஃபோர்டு’ அதன் தூரத்துச் சொந்தம். இவ்விரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தந்த மொழியில் வழங்கிய பழைய வடிவத்தையும், இன மொழிகளில் உள்ள வடிவங்களையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயூர் விஹார், தில்லி