நுண்ணோக்கிச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

மழையால் தடைப்பட்ட நவம்பர் நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. இவ்வாண்டு ஒற்றைச் செல் உயிரான அமீபாவை மட்டுமே தேடுவது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தபோது, பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் ஓர் உயிருக்கு ஓராண்டு எதற்கு என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால் முதல் மூன்று கூட்டங்களில் பாரமீசியம் என்னும் வேறொரு நுண்ணுயிர்தான் ஓடித் திரிந்ததே தவிர, அமீபா ஒன்றுகூட அகப்படவில்லை.

பிழை நம்முடையதே. குளத்து நீரை மேலாக மொண்டு வந்து, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்; அமீபாவோ அடிவண்டலிலும் மட்கிய இலையிலும் ஒட்டி ஊர்வது, ஒளி ஊடுருவும் உடலுடையதாதலால் மிகுந்த வெளிச்சத்தில் தெரியாமலே போவது. மூத்த உறுப்பினர் ஒருவரின் யோசனைப்படி ஜூலை முதல், வண்டலை அகன்ற தட்டில் பரப்பி, அதன்மேல் கவர் ஸ்லிப்புகள் எனும் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை இட்டு, ஓரிரவு அசையாமல் விட்டு, மறுநாள் இடுக்கியால் எடுத்து, நசுங்காதிருக்க மூலைகளில் சிறிது வாசலின் தடவி, வண்டல் பட்ட பக்கம் கீழே வருமாறு ஸ்லைடில் வைத்து, ஒளித்திரையைச் சுருக்கிப் பத்து மடங்கு வில்லையில் பார்க்கத் தொடங்கினோம். அதன்பின் வெறுங்கையுடன் திரும்பிய கூட்டம் இல்லை.

ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அமீபா புரோட்டியஸ் தன் உடலையே கால்போல் நீட்டும் போலிக்காலை நீட்ட, உள்ளிருக்கும் துகள்களெல்லாம் அதனுள் பாய்ந்தோடுவதை உறுப்பினர்கள் வரிசையில் நின்று பார்த்தனர். பாடநூல் வடிவம் அரை நிமிடம்கூட நிலைப்பதில்லை. 1755இல் இத்தகைய உயிரை முதலில் விவரித்த ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப், உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தை நினைந்து ‘சின்னப் புரோட்டியஸ்’ என்றது பொருத்தமே. எனினும் நம் பதிவேட்டில் மிகுந்திருப்பது ஆர்செல்லா என்னும் ஓடுடைய அமீபாதான். நடுவில் துளையிட்ட உளுந்து வடை போன்ற அதன் பழுப்பு ஓடு எவர் கண்ணுக்கும் தப்பாது. மணல்துகள்களை ஒட்டித் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் மற்றோர் அமீபாவான டிஃப்லூஜியாவை மட்டும் இரண்டு மாதங்கள் ‘குப்பை’ என்றே பதிந்து வந்தோம், அப்பதிவுகள் திருத்தப்பட்டுள்ளன.

கேரளத்தில் 2024இல் நேர்ந்த மூளைக்காய்ச்சல் மரணங்களுக்குப்பின் சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். அவர்கள் அச்சம் நியாயமானது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் நெக்லேரியா என்னும் அமீபா, நீர் மூக்கினுள் ஏறும்போதே மூளையை அடைகிறது; குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஆயினும் எவரும் குளத்தில் இறங்காமல், படித்துறையிலிருந்தே கோலில் கட்டிய குப்பியால் வண்டல் எடுக்க வேண்டும் என்றும், பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்றும் செயற்குழு விதித்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அளவு குறிக்காத கைப்பேசிப் படங்கள் பதிவேட்டுக்குப் பயன்படாதமையால், கண்ணருகு வில்லைக்கு ஓர் அளவுகோல் வாங்க ஒப்புதல் தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்