நாட்டு வாழைக்கும் நல்ல கன்று வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வகத்தில் பெருக்கும் திசு வளர்ப்பு வாழைக் கன்று என்றாலே இன்றைக்கு ஜி9 ரகம்தான். ஆய்வகங்களைக் குறை சொல்லவில்லை, எது லட்சக்கணக்கில் விற்கிறதோ அதைத்தான் அவர்கள் போடுவார்கள். ஆனால் ரஸ்தாளி, மொந்தன், மட்டி, விருப்பாச்சி என்று நாட்டு ரகங்களை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் தோட்டத்துப் பக்கக்கன்றைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தக் கன்றோடு கூன்வண்டும் நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்தே நம் நிலத்துக்குள் வந்துவிடுகின்றன. சரி, வருவது வரட்டும் என்று துணிந்தாலும், நடவு நேரத்தில் ஒரே வயதுக் கன்று வேண்டிய அளவுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு வழியைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றை (ஈட்டி போலக் குறுகலான இலையுள்ள பக்கக்கன்று) தோண்டி, வேரையும் மேல்தோலையும் சீவி, தண்டை ஒட்ட வெட்டி, நடுக்குருத்தைச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்து எடுத்துவிட்டு, கிழங்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தக் குழியில் பி.ஏ.பி. என்ற வளர்ச்சி ஊக்கிக் கரைசலை 4 மில்லி ஊற்றி, ஈரமான மரத்தூளில் புதைத்து நிழலில் வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் பக்கமொட்டுகள் எழும். அவற்றையும் அதேபோல் வெட்டிக் கீறினால் அதிலிருந்து அடுத்த சுற்று. நன்றாகச் செய்தால் நான்கைந்து மாதத்தில் ஒரு கிழங்கிலிருந்து நாற்பது கன்று வரை எடுக்கலாம். நுனிக்குருத்து இருக்கும்வரை பக்கமொட்டுகளை அது அடக்கியே வைத்திருக்கும், குருத்தை எடுத்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, பி.ஏ.பி. அவற்றைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

"ஹார்மோன் போட்ட கன்றா, பழம் சாப்பிடலாமா" என்று பலர் கேட்கிறார்கள். பி.ஏ.பி. சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் வகையைச் சேர்ந்தது, அதே வகைப் பொருள் இளநீரில் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்குக்குப் போவது 4 மில்லி கரைசல், அதுவும் தார் வெட்டுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பு. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறு. ஊக்கி மொட்டைத்தான் எழுப்பும், நோயைப் போக்காது. தாய்க்கிழங்கில் முடிக்கொத்து நோயின் வைரஸ் இருந்தால், ஒரு நோய்க்கன்று நாற்பதாகி நாற்பது இடத்துக்குப் போகும், அங்கிருந்து அந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழனி மலையில் விருப்பாச்சி எப்படி அழிந்துகொண்டே வந்தது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். திசு வளர்ப்புக் கன்றுக்காவது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் வைரஸ் பரிசோதனையோடு சான்று தரும் ஏற்பாடு வைத்திருக்கிறது. மரத்தூளில் பெருக்கிய கன்றை யார் வேண்டுமானாலும் பையில் போட்டு விற்கலாம் என்றால், நல்ல தொழில்நுட்பமே நோய் பரப்பும் வழியாகிவிடும் என்பதுதான் என் கவலை.

அப்புறம் அளவு விஷயம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் பி.ஏ.பி. தூள் என்று கையேட்டில் போட்டுவிடுவது சுலபம், 40 மில்லிகிராமை எந்த விவசாயி வீட்டுத் தராசில் நிறுப்பது? அந்தத் தூள் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது, முதலில் கொஞ்சம் காரக் கரைசலில் கரைத்த பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். குத்துமதிப்பாகப் போட்டு அளவு கூடினால் மொட்டுகள் கொத்தாக வரும், ஆனால் நீளாமல் குட்டையாக நின்றுவிடும். இத்தனைக்கும் ஒரே ஒரு கிராம் தூளில் 25 லிட்டர் கரைசல் ஆகும், கிழங்குக்கு 4 மில்லி என்றால் 6,250 கிழங்குக்குப் போதும். இதை ஆய்வகத்தில் கலந்து சிறு பாட்டிலில் அடைத்து ஒவ்வொரு வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் வைப்பதற்கு அரசுக்கு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

ஊக்கி மட்டும்தான் எல்லாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சமையல் வாழை அன்றாட உணவாக இருக்கும் கேமரூனில் ஊக்கியே இல்லாமல் கிழங்கைக் கீறி மரத்தூளில் வைத்துச் சிறு விவசாயிகள் கன்று எடுக்கிறார்கள். சுத்தமான கத்தி, நல்ல நிழல், காயாத ஈரம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஊக்கி எண்ணிக்கையைக் கூட்டும், கன்றுகளை ஒரே சீராகக் கொண்டுவரும்.

ஆகவே தோட்டக்கலைத் துறையிடம் கேட்பது இதுதான். நாட்டு ரகங்களில் வைரஸ் பரிசோதித்த தாய்மரத் தோட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும், அங்கிருந்து மட்டுமே கிராமத்து நாற்றங்கால்களுக்குக் கிழங்கு போக வேண்டும். மகளிர் குழுக்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம் கிடைக்கும். விற்கும் ஒவ்வொரு பையிலும் ரகம், தாய்க்கிழங்கு வந்த இடம், பரிசோதனை செய்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் நடும் நஞ்சை வாழைக்குப் புரட்டாசியிலேயே கிழங்கு மரத்தூளுக்குள் போயாக வேண்டும், அதனால் பயிற்சியும் கரைசலும் ஆவணிக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
தொட்டியம், திருச்சி மாவட்டம்