1919-உடன் நின்றுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாசிசம் சோஷலிசத்தின் பங்காளிதான் என்று சென்ற இதழில் வாதிட்ட கட்டுரை இரண்டு ஆதாரங்களைக் காட்டியிருந்தது. இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினி சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1919-இல் அவர் இயக்கம் வெளியிட்ட திட்டத்தில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, மூலதனத்தின் மீது வரி எல்லாம் இருந்தன. இரண்டும் உண்மை. விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அந்தத் திட்டத்தோடு நவம்பர் தேர்தலில் நின்று ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு வட இத்தாலியின் போ நதிச் சமவெளிப் பண்ணையார்களின் பணத்தில் பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைப் படைகள் (நம் ஊர்க் கருஞ்சட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) விவசாயக் கூலிகளின் சங்க அலுவலகங்களைக் கொளுத்தின. 1921-இல் லிபரல் பிரதமர் ஜியோலிட்டி பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் 35 இடங்கள் வந்தன. ஆட்சியைப் பிடித்ததும் தொலைபேசியும் ஆயுள் காப்பீடும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. 1925 அக்டோபரில் ஆலை முதலாளிகள் சங்கம், இனி பாசிசத் தொழிற்சங்கத்தோடு மட்டுமே பேசுவோம் என்று கையெழுத்திட்டது. 1926 சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. கதவடைப்பையும்தானே தடை செய்தார்கள் என்பார்கள். சங்கத் தலைமை கட்சியின் கையில் இருக்கும்போது முதலாளி எதற்காகக் கதவை அடைக்க வேண்டும்? பரேல் மில் வாசல்களை அறிந்த மும்பைத் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அதற்காகப் பழமைவாதமும் பாசிசமும் ஒன்றே என்று மறுகோடிக்கும் போகக் கூடாது. போர்ச்சுகலின் சலாசார் சர்வாதிகாரிதான். 1934-இல் தன் நாட்டுப் பாசிச பாணி நீலச்சட்டை இயக்கத்தைத் தடை செய்தவரும் அவரே. ஜனங்கள் வாய்மூடி வீட்டில் இருந்தால் அவருக்குப் போதும். பாசிஸ்டுக்கோ அவர்கள் சீருடை மாட்டிக்கொண்டு தெருவில் அணிவகுக்க வேண்டும்.

இடதுசாரிகள் தரப்பும் சுத்தமில்லை. 1932 நவம்பர் ஜெர்மன் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள், மிதவாத இடதுசாரிகளான சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. பின்னவர்கள் இருவரையும் கூட்டினால் 221, நாஜிகளைவிட அதிகம். ஆனால் கம்யூனிஸ்ட் தலைமை சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று ஏசிக்கொண்டே, அதே மாதம் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் நாஜிகளோடு சேர்ந்து நின்றது.

அடுத்த மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தந்த சட்டத்துக்கு 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். கம்யூனிஸ்டுகள் அவைக்குள் வரவே முடியவில்லை. கத்தோலிக்க மையக் கட்சியும் எஞ்சியிருந்த ஐந்து லிபரல்களும் ஆதரித்தே வாக்களித்தார்கள். பங்காளி யார் என்று எழுதும்போது இந்தப் பட்டியலையும் கட்டுரையாளர் எடுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.